குப்பைக் கீரையும் கூட்டாஞ்சோறும்

சென்ற ஆண்டு, பேராக் மாநிலத்தில் நாம் கணக்கெழுதும் தோட்டத்தின் ஆபீசிலே ஒரு சிறு விருந்து நடைபெற்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தோட்டத்திற்கு உழைத்த ஓர் அம்மையார் வேலையினின்று விலகும் நாள் அது. இளமையில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த பிறகு, மரத்தடியில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கியவர். விருந்துக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவதென்று ஏற்பாடு. பட்டணத்தார் இதனைப் ‘பொட்லக்’ என்பர். நம் பாட்டிமார் இதற்குக் கூட்டாஞ்சோறு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் கடையில் வாங்கிய பிரியாணியைக் கொணர்ந்தார். மற்றொருவர் ஈப்போவிலிருந்து கேக் வாங்கி வந்தார். நாம் கொண்டுபோனது சாலையோரக் கடையின் மீ கோரெங். அம்மையார் மட்டும் அவித்த மரவள்ளிக் கிழங்கும், நெத்திலிச் சம்பலும், கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார். தம்மை வழியனுப்பும் விருந்துக்குத் தம் கையால் சமைத்து வந்தவர் அவர் ஒருவரே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாசம் ஆபீசு முழுதும் பரவிற்று. உடனே நம் அன்பர் ஒருவர், “என்ன, ஜப்பான்காரன் திரும்பி வந்துவிட்டானா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அம்மையார் ஒன்றும் பேசவில்லை. மூடியைப் போட்டுப் பாத்திரத்தை மேசைக்கடியில் நகர்த்திவிட்டார்.

ஆதலால் இக்கட்டுரையில் எறியப்படும் முதற்கல் நம் தலையிலேயே விழுகின்றது என்பதை முன்னரே ஒப்புக்கொள்ளுகிறோம்.

அந்த மூடி புதிதன்று. சங்கப் பாட்டாகிய சிறுபாணாற்றுப்படையில், வறுமைப்பட்ட பாணன் வீட்டு அடுக்களையை நல்லூர் நத்தத்தனார் நமக்குக் காட்டுகிறார். கூரை இடிந்து விழுந்திருக்கிறது. கண் திறவாத குட்டிகளுக்குக் கொடுக்கப் பாலின்றி நாய் ஓலமிடுகிறது. பசியால் மெலிந்த பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, புறங்கூறுவோர் கண்ணிற் படுமோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அவள் அடைத்தது கதவு; சென்ற ஆண்டு நம் ஆபீசில் அம்மையார் போட்டது மூடி. அவ்வளவே வேறுபாடு.

அதே பாட்டின் பிற்பகுதியில் நல்லியக்கோடன் அரண்மனை விருந்து வருகின்றது. அங்கே பீமன் செய்த மடைநூல் வழுவாமல் சமைத்த உணவு பரிமாறப்படுகிறது. அரண்மனை அடுப்புக்கு நூல் உண்டு. குப்பைக் கீரைக்கோ அடைத்த கதவுதான் உண்டு. அன்று தொட்டு இன்று வரை சமையல் நூல்களின் சரித்திரம் பெரும்பாலும் இதுவேதான்.

நமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1920-ல் கின்சி என்னும் துரைசானியார் மலாயாவில் வாழும் துரைசானிமாருக்கென்று 420 பாகங்களைத் தொகுத்து ஒரு சமையல் நூல் வெளியிட்டார். 1930-களில் மலாயாக் கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கத்தாரும் ஒரு நூல் வெளியிட்டனர். பங்களாவின் மேசைக்கு நூல் இருந்தது. பங்களாவின் அடுப்பை ஊதியவர்களுக்கு நூல் இல்லை. தாய்த் தமிழகத்திலோ, 1951-ல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இன்றளவும் கலியாணச் சீரோடு வைக்கப்படுகின்றது. அவ்வம்மையாரை நாம் குறை கூறவில்லை. அவர் தம் வீட்டு அடுப்பை அறிந்தார். அறிந்ததை அளவு தப்பாமல் எழுதினார். அது பெரிய தொண்டு. ஆயினும் அந்த அடுப்பில் கருவாடு ஏறாது. ஒரு வகுப்பாரின் அடுக்களை எழுதப்பட்டதனால் அதுவே ‘தமிழர் சமையல்’ என்று பெயர் பெற்றது. மற்றவர் அடுக்களை எழுதப்படாததனால் ‘வாசம் அடிக்கும் சாப்பாடு’ என்று பெயர் பெற்றது. குற்றம் எழுதினவர் மீதன்று. எழுதாத நம் மீதுதான்.

நிற்க. வெளியுலகில் இந்தக் கதவை உதைத்துத் திறந்தவர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்போம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழை வெள்ளையரை மற்ற வெள்ளையர் ‘வெள்ளைக் குப்பை’ என்று ஏசுவது நெடுங்கால வழக்கம். புளோரிடாவில் பிறந்த எர்னஸ்ட் மாத்யூ மிக்லர் என்பவர், அந்த வசைச் சொல்லையே தலைப்பாக வைத்து, 1986-ல் ‘வெள்ளைக் குப்பையர் சமையல்’ என்னும் நூலை வெளியிட்டார். தலைப்பை மாற்றினால் அச்சிடுகிறோம் என்ற பதிப்பாளர்களுக்கு அவர் இணங்கவில்லை. கடைசியில் கவிதை நூல்கள் வெளியிடும் ஒரு சிறு பதிப்பகமே அதை அச்சேற்றியது. நூலோ நாடெங்கும் விற்றது. அதிலே என்ன இருக்கிறது? ரொட்டித் துண்டுகளுக்கிடையே உருளைக்கிழங்கு வறுவலை வைத்து அமுக்கித் தின்னும் பாகம் இருக்கிறது. சாறு முழங்கையில் வழியுமாதலால் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டே தின்னவேண்டிய தக்காளி ரொட்டி இருக்கிறது. அண்டை வீட்டு அத்தைமார் பெயர்களும், அவர்கள் வீட்டுப் படங்களும் இருக்கின்றன. படிப்பவர் சிரிக்கிறார், ஆனால் அத்தையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அத்தையோடு சேர்ந்து சிரிக்கிறார்.

பின்னும் 2005-ல், மிசிசிப்பிப் பிரதேசத்துப் பெண்மணிகளாகிய கெய்டன் மெட்காஃப், சார்லட் ஹேஸ் என்னும் இருவர், சாவு வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியே ஒரு நகைச்சுவை நூல் எழுதினர். செத்துப்போனதை ஒரு சாக்காகச் சொல்லி விருந்தில் குறை வைக்கலாகாது என்பது அதன் தலைப்பின் கருத்து. நம் லயத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அண்டை வீட்டார் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவர். அழுது ஓய்ந்தவர்கள் நள்ளிரவில் காப்பி குடித்துக்கொண்டு, செத்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிப்பர். அந்தச் சிரிப்பு மிசிசிப்பியில் நூலாயிற்று. நம்மிடம் விடிந்ததும் பிணத்தோடு போயிற்று.

ஆனால் இவ்விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அமெரிக்கரைப் புகழ நாம் தயாரில்லை. மிக்லரும் தம் நூலின் தொடக்கத்திலேயே, ஒழுங்கும் மானமும் உள்ள குப்பையர் வேறு, இல்லாதவர் வேறு என்று ஒரு வேலி போட்டுக்கொண்டார். அன்றியும் தென்மாநிலத்துச் சமையலிற் பெரும்பங்கு, அடிமைகளாகவும் வேலைக்காரிகளாகவும் அடுப்படியில் நின்ற கறுப்பினப் பெண்களின் கைவேலை. விடுதலை பெற்ற அடிமைகள் அமைத்த ஊரில் பிறந்த எட்னா லூயிஸ் 1976-ல் தம் கிராமத்துச் சமையலைத் தாமே எழுதினார். கறுப்பின மக்கள் எழுதிய சமையல் நூல்களையெல்லாம் தேடித் திரட்டி 2015-ல் டோனி டிப்டன் மார்ட்டின் ஒரு பெருநூல் செய்தார். ஆகவே கூட்டாஞ்சோறு என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது; யார் கை சமைத்தது என்பதும் இலையில் தெரியவேண்டும்.

இது நமக்கும் பொருந்தும். பழைய தோட்டங்களில் சாதிக்கொரு லயம் இருந்ததை மறைப்பதிற் பயனில்லை. ஒரே துரையிடம் ஒரே கூலி வாங்கினவர்கள், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்க மனங்கூசினார்கள். மாட்டுக்கறி தின்கிறவன் வீட்டில் கைநனைக்க மாட்டேன் என்றவன், அவன் வெட்டிய மரத்துக்குப் பக்கத்து மரத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தான்! இன்று ‘எங்கள் தோட்டத்துச் சாப்பாடு’ என்று பெருமை பேசுகிறவர்களும், ஆட்டுக்குடலையும் இரத்தப் பொரியலையும் மாட்டுக்கறியையும் காட்டுப்பன்றிக் கூறையும் வசதியாக மறந்துவிட்டு, வாழையிலையில் பருப்பும் ரசமும் வடிக்கிறார்கள். மராத்தி நாட்டில் ஷாஹு பட்டோளே என்பவர், தீண்டப்படாதவரென்று ஒதுக்கப்பட்ட மக்களின் உணவைப் பற்றி 2015-ல் ஒரு நூல் எழுதினார். ‘உணவே பூரணப் பிரம்மம்’ என்னும் பழைய வாக்கைத் திருப்பி, ‘உணவு அபூர்ணப் பிரம்மம்’ என்று அதற்குத் தலைப்பிட்டார். பரிகாசம் என்றால் இதுவன்றோ பரிகாசம்! இரத்தத்தையும் குடலையும் உலர்த்திய இறைச்சியையும் அவர் ஒளிக்கவில்லை. 2024-ல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நாம் இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

சிலர் கேட்கக்கூடும்: “வறுமையில் தின்றதை ஏன் கொண்டாடவேண்டும்? கிழங்கு தின்ற காலம் ஒழிந்தது நல்லதல்லவா?” நியாயமான கேள்வி. வறுமையை நாம் கொண்டாடச் சொல்லவில்லை. பாகத்தை எழுதும்போது கூலியையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் சொல்லுகிறோம். 1920-களின் இறுதியில் முக்கிய மாவட்டங்களில் தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வகுத்தார்கள். ஒரு தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு உப்பு, எவ்வளவு மிளகாய் செல்லும் என்று பட்டியல் போட்டே அது கணக்கிடப்பட்டது. 1930-க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்ததும் அதையும் வெட்டினார்கள். அரிசியிற் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவழைத்த மலாயாவுக்கு, ஜப்பானியர் ஆண்ட 1941 முதல் 1945 வரையிலான காலத்தில் அந்த வரத்தும் அற்றது. அப்போது பிள்ளைகளை உயிரோடு வைத்தது மரவள்ளிக் கிழங்கு. எந்தக் கிழங்கு கசக்கும், கசப்புக் கிழங்கின் நஞ்சு போக எப்படி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரை எப்படிக் கொட்டவேண்டும் என்பதை அறிந்திருந்தவர்கள் நம் பாட்டிமார். அது கேலிக்குரிய உணவா? உயிர்காத்த வித்தையா? “ஜப்பான்காரன் வந்துவிட்டானா” என்று சிரித்த நாம், அந்த வித்தை இல்லாவிடில் சிரிப்பதற்கே பிறந்திருக்க மாட்டோம்!

இங்கே நம் இனத்தாராகிய கிராணிமாரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அடுப்பைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான். அரிசிப் பற்று, கடைக்கடன், சம்பளப் பிடித்தம், எழுதினவன் கிராணி. முன்னாளில் கிராணிமாரிற் பலர் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளுமாக இருந்தனர். அவர்களுக்கு லயத்தின் அடுப்பு அயல் அடுப்பு என்று சாக்குச் சொல்லலாம். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. நம் தாயார் லயத்தில் பிறந்தவர். ஆங்கிலம் வழியாகப் படித்துவிட்டால் துரைமகனாகலாம் என்று நம்பி நம்மைப் பட்டணத்துக்கு அனுப்பினார். அங்கே நாம் முதலிற் கற்ற பாடம், சோற்று டப்பாவை மேசைக்கடியில் வைத்துத் திறப்பதுதான். நெத்திலி இருந்த நாளில் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்து, பசியில்லை என்று பொய் சொன்னதும் உண்டு. விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போகுமுன் அதைச் சமைத்தவர் முகத்தை அப்போது நாம் பார்க்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, மூடியைப் போட்ட அம்மையாரின் முகத்தில்தான் பார்த்தோம்.

இனி அந்த நூல் எப்படி இருக்கவேண்டும்? அழுது வடியும் நூலாக இருக்கலாகாது. லயத்தார் அழுமூஞ்சிகள் அல்லர். எடுத்துக்காட்டாக டின்மீன் குழம்பைப் பார்ப்போம். வேண்டியவை: டின்மீன் ஒன்று, வெங்காயம், உள்ள மட்டும், மிளகாய்த்தூள், மனம் ஆறும் மட்டும், புளி, கொட்டைப்பாக்களவு, தண்ணீர், வாசலைப் பார்த்து. வாசலில் வீட்டார் மட்டும் என்றால் ஒரு சொம்பு. மைத்துனர் பிள்ளைகளோடு வந்து நின்றால் இரண்டு சொம்பு. சம்பளத்துக்கு முந்திய வாரமாயின் டின்னைக் கழுவிய தண்ணீரும் சேரும். மீனை உடைக்கலாகாது. உடைந்தால் எண்ண முடியாது. எண்ண முடியாவிட்டால் வீட்டில் சமாதானம் இராது. இதைப் படித்துத் தோட்டத்தில் பிறந்தவன் சிரிப்பான். சிரித்து முடித்ததும், தன் தாய் தனக்கென்று ஒரு துண்டும் எடுத்துக்கொண்டதில்லை என்பது அவனுக்கு நினைவு வரும். நல்ல நகைச்சுவையின் வேலை அதுவே.

இன்னும் எத்தனை! கானோரத்தில் பறித்த பாக்குக் கீரையும் கங்குங்கும், வேலியில் நின்ற சேக்கூர் மானிசும் முருங்கையும் உண்டு. மலாய்க்கார அண்டை வீட்டார் கற்றுக்கொடுத்த பெலாச்சான், நம் அம்மியில் ஏறி நம் சம்பலானது. காட்டுப்பன்றி விழுந்த நாளில் கறியைக் கூறு போடுகிறவனுக்கு வரும் உறவினர் கூட்டம் வேறெந்த நாளிலும் வருவதில்லை. ஆடி மாதத்து மாரியம்மன் கூழுக்கு வீட்டுக்கு வீடு மாவு வாங்குவார்கள். எந்த வீட்டு மாவு, எந்தச் சாதியின் மாவு என்று அண்டாவுக்குத் தெரியாது. கொதித்த பின் பிரித்தெடுக்க எந்தச் சாஸ்திரியாலும் முடியாது! நம் மக்கள் வாயால் ஒப்புக்கொள்ளாத சமத்துவத்தை வயிற்றால் ஒப்புக்கொண்ட இடம் அந்த அண்டாதான்.

இப்போது ஒரு புதிய ஆபத்தும் வந்திருக்கிறது. பட்டணத்துச் சிற்றுண்டிச் சாலைகள் சிலவற்றில், பழைய தகரக் குவளையில் தேநீரும், வாழையிலைத் துண்டில் நாலு துண்டு கிழங்கும் வைத்து, ‘தோட்டத்து நினைவுகள்’ என்று பெயரிட்டு, ஒரு நாட்கூலி அளவுக்கு விலை போடுகிறார்கள். கேலி செய்தவன் நம்மை மேசைக்கடியில் வைத்தான். இவன் நம்மைச் சுவரில் படமாக மாட்டுகிறான். இரண்டிடத்திலும் நம்மைப் பேசவிடுவதில்லை. சமைத்தவளின் பெயர் இல்லாத கிழங்கு, எவ்வளவு அழகாக அவிந்திருந்தாலும், நமக்கு அயல் கிழங்குதான்.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1877-ல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் பெரிய மரமாக நிற்கின்றது. அதற்கு வேலியும் பலகையும் உண்டு. அந்த மரத்தின் வாரிசுகளை வெட்டிப் பிழைத்தவர்களின் லயங்களுக்கு வேலியும் இல்லை, பலகையும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தைப்பிங்கிலும் அடுக்குவீடுகளுக்குச் சிதறினார்கள். நம் தோட்டத்தில் இன்று பழம் வெட்டுவோரிற் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். மரத்துக்கு ஒரு பலகை வைத்தவர்கள் அடுப்புக்கும் வைப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பது வீண்.

ஆகவே தோழர்களே, பெரும் பண்டிதர் வந்து எழுதட்டும் என்று காத்திராதீர்கள். அமெரிக்காவில் 1864-ல், உள்நாட்டுப் போரில் காயம்பட்டோருக்கு உதவ ஒரு பெண்மணி சமையல் நூல் எழுதிச் சந்தையில் விற்கக் கொடுத்தார்; பின்பு கோயிலுக்கொன்று, ஊருக்கொன்று என்று பெண்கள் கூடித் தொகுத்த நூல்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. நம் தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்களும், வாசகசாலைகளும், மாதர் சங்கங்களும் இதைச் செய்ய யார் தடை? ஒவ்வொருவரும் ஒரு பாகம் எழுதுக. சமைத்தவர் இசைந்தால் அவர் பெயரை எழுதுக. எந்தத் தோட்டம், எந்த லயம், அன்றைக்குக் கூலி என்ன என்று எழுதுக. அதைப் பற்றி வீட்டார் சொல்லிச் சிரித்த ஒரு வேடிக்கையையும் எழுதுக. மாட்டுக்கறியானால் மாட்டுக்கறி என்றே எழுதுக. வெட்கத்தோடு ‘இறைச்சி’ என்று எழுதி நழுவ வேண்டா.

விருந்து நடந்த இரண்டு வாரத்திற்குப் பிறகு, நாம் அந்த அம்மையாரைத் தேடி அவர் மகள் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கப் போனோமா, பாகம் கேட்கப் போனோமா என்று நமக்கே விளங்கவில்லை. கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. தயங்கித் தயங்கி அன்றைய சங்கதியைத் தொடங்கினோம். அவர் நம்மை இடைமறித்தார்.

“சிரிச்சதுல தப்பு இல்லீங்கய்யா. ஜப்பான்காரன் கதையச் சொல்லி எங்கம்மாவே சிரிக்கும். ஆனா அது தின்னுட்டுச் சிரிச்சுது. நீங்க தின்னாமலே சிரிச்சிட்டீங்க.”

இதற்குமேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது? நாம் நாலு பக்கம் எழுதிச் சொல்ல முயன்றதை, பள்ளிக்கூடம் அதிகம் பாராத அம்மையார் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பிறகு உள்ளே போய்க் கிழங்கு எடுத்து வந்தார். முதலில் தின்றோம். அதன் பின்பே நோட்டைத் திறந்தோம்.